‘விஸ்டம்’ என்னும் சொல்லும் கண்ணகைத் தாயின் வழக்கும்

திருக்குளிர்த்திச் சிறப்பு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுத் தம்பிமார் கேட்டபோது, வழமைபோல ஆலய வரலாற்றையே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் அதனை என்னிலும் நன்கறிந்த பெரியவர்கள் முந்திய மலர்களில் எழுதிவிட்டார்கள். என்ன செய்வது என்று யோசித்துக் கொண்டிருந்த ஒரு மாலையில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் பேத்தி ஆங்கிலப் புத்தகத்துடன் வந்து நின்றாள்.

“அப்பப்பா, ‘நொலேஜ்’ எண்டாலும் அறிவு, ‘விஸ்டம்’ எண்டாலும் அறிவு எண்டுதான் எங்கட பிள்ளைகள் எழுதுறாங்க. அப்ப என்னத்துக்கு ரெண்டு சொல்லு?”

“நொலேஜ் என்றால் அறிவு, விஸ்டம் என்றால் ஞானம்” என்று அகராதியில் உள்ளபடி சொன்னேன். “அப்ப ஞானப்பல்லு முளைச்சா விஸ்டம் வந்திருமோ?” என்று கேட்டுச் சிரித்துவிட்டு ஓடிவிட்டாள். எனது ஞானப்பற்களை இளவயதிலேயே பிடுங்கி எறிந்தாகிவிட்டது என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.

அவள் போய்விட்டாள். எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாக அரசாங்கக் கந்தோரில் எழுதுகோல் பிடித்தவன் நான். (எங்கள் பதவியை முதலில் இலிகிதர் என்றார்கள், பின்பு எழுதுவினைஞர் என்றார்கள், கடைசியில் முகாமைத்துவ உதவியாளர் என்றார்கள். கதிரை என்னவோ ஒன்றுதான்.) ஒரு சொல்லுக்கு ஈடாக இன்னொரு சொல்லைப் போட்டுவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணியே காலம் கழித்தவன். ஆகவே இந்த ஒரு சொல்லையாவது வேர்வரை தோண்டிப் பார்ப்போம் என்று தோன்றியது. தோண்டியபோது கிடைத்ததைத்தான் மெய்யடியார்கள் முன் வைக்கிறேன்.

‘விஸ்டம்’ என்பது இரண்டு துண்டுகள் சேர்ந்த சொல். ஆயிரம் வருடங்களுக்கு முந்திய ஆங்கிலத்தில் அது ‘வீஸ்டோம்’ என்றிருந்தது. ‘வீஸ்’ என்பது முதற் பாதி, ‘டோம்’ என்பது பிற்பாதி. முதற் பாதியின் வேர் ‘காணுதல்’ என்னும் பொருளுடையது. லத்தீன் மொழியில் ‘காண்’ என்பதற்குரிய ‘விதேரே’ என்ற வினையும் அதே வேரில் முளைத்ததே. நம் வீடுகளிலுள்ள ‘வீடியோ’ அதன் பேரப்பிள்ளை. கிரேக்க மொழி வழியாக வந்த ‘ஐடியா’ என்ற சொல்லுக்கும் வேர் இதுவே.

இந்த வேரின் இன்னொரு கிளைதான் நம்மை வியக்க வைப்பது. அது ‘வேதம்’. வடமொழியில் ‘வித்’ என்றால் அறிதல். ‘வேத’ என்ற வினை வடிவத்துக்கு ‘அறிவேன்’ என்று பொருள். ஆனால் அதன் அமைப்பைப் பார்த்தால், நடந்து முடிந்த செயலைக் குறிக்கும் வினைபோல இருக்கும். அதாவது ‘கண்டிருக்கிறேன்’ என்று சொல்லும் வடிவத்தில் ‘அறிவேன்’ என்ற பொருள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கண்டவனுக்கே ‘அறிவேன்’ என்று சொல்லும் உரிமை உண்டு என்று அந்தப் பழைய மக்கள் கருதினார்கள் போலும். வேதத்தைப் பாடிய இருடிகளை ‘மந்திரங்களைக் கண்டவர்கள்’ என்று நம் சமயத்தார் சொல்லி வருவதும் இங்கே நினைக்கத்தக்கது.

பேத்திக்கு நான் சொன்ன விடையோ தலைகீழானது. ‘ஞானம்’ என்ற சொல்லின் உடன்பிறப்பு ‘விஸ்டம்’ அல்ல. ஆங்கிலத்தில் ‘அறி’ என்பதற்குள்ள ‘நோ’ என்ற வினையே அதன் உடன்பிறப்பு. அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ஓர் எழுத்து ஒலிக்காமல் நிற்கும். பள்ளியில் அதற்காக நாம் வாங்கிய அடி கொஞ்சமல்ல. ஒரு காலத்தில் அந்த எழுத்து ஒலித்தது, வடமொழியின் ‘ஜ்ஞா’வில் இன்றும் ஒலிக்கிறது. ஆகப் பிறப்பின்படி பார்த்தால் ஞானம் ‘நொலேஜ்’ வீட்டுப் பிள்ளை, வேதம் ‘விஸ்டம்’ வீட்டுப் பிள்ளை. பொருளின்படி பார்த்தால் அவை வீடு மாறிக் குடியிருக்கின்றன.

இந்த உறவை உலகறியச் சொன்னவர்களுள் முக்கியமானவர் சேர் வில்லியம் ஜோன்ஸ். 1783இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்தவர். இந்துக்களின் வழக்குகளைத் தீர்க்க வடமொழி நூல்கள் வேண்டும். அவற்றைப் படித்துச் சொல்லப் பண்டிதர்கள் நீதிமன்றத்தில் இருந்தார்கள். ஆனால் பிறர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத அவருக்கு மனம் ஒப்பவில்லை. தாமே வடமொழி கற்றார். கற்றபின், 1786 பெப்ரவரி 2ஆம் திகதி கல்கத்தா ஆசியக் கழகத்தில் நிகழ்த்திய உரையில், வடமொழி, கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்று கூறினார். மொழி ஆராய்ச்சிக்காக மட்டும் வடமொழியைப் பிடித்தவரல்லர் அவர். தன் கண்ணால் பாராமல் தீர்ப்பளிக்க விரும்பாத ஒரு நீதிபதி என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தமிழ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அது தனிக் குடும்பம் என்பதை 1816இல் எல்லிஸ் என்ற சென்னை அதிகாரியும், 1856இல் கால்டுவெல் பாதிரியாரும் எடுத்துக் காட்டினார்கள். எல்லாச் சொல்லும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று மேடைகளில் முழங்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உறவே இல்லாமலும் மனிதர்கள் ஒரே வழியில் யோசிக்கிறார்கள். ‘எனக்குத் தெரியும்’ என்கிறோம். ‘வாவிக்கு அக்கரையில் வெளிச்சம் தெரியுது’ என்றும் சொல்கிறோம். கண்ணுக்குப் புலப்படுவதும் தெரிவதுதான், மனத்துக்குப் புலப்படுவதும் தெரிவதுதான். இரண்டுக்கும் தமிழன் வேறு சொல் தேடவில்லை. ‘விவேகம்’ என்ற வடசொல் பிரித்தெடுத்தல் என்ற பொருளில் பிறந்தது. களத்தில் நெல்லைத் தூற்றிப் பதரைப் போக்கும் நம் விவசாயிக்கு அதை விளக்கத் தேவையில்லை. திருக்குறளின் 51ஆம் அதிகாரத்துக்கு ‘தெரிந்து தெளிதல்’ என்று பெயர். முதலில் தெரிதல், பிறகு தெளிதல். என்னைக் கேட்டால் ‘விஸ்டம்’ என்ற சொல்லுக்கு ஞானம் என்பதைவிட இதுவே நெருங்கிய தமிழ்.

நம் மண்ணின் மைந்தர் சுவாமி விபுலாநந்தர் இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. 1892இல் காரைதீவில், கண்ணகை அம்மன் கோயில் கொண்ட ஊரில் பிறந்து, விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்று, 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடும் வேலையில் மட்டக்களப்புத் தமிழருக்கு இப்படியொரு முன்னோடி உண்டு என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறேன்.

இனிச் சொல்லின் பிற்பாதிக்கு வருவோம். எனக்கு நித்திரையைக் கெடுத்தது அதுதான்.

‘டோம்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் தீர்ப்பு, சட்டம். வைத்தல், நிலைநிறுத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். 1086இல் இங்கிலாந்தை ஆண்ட முதலாம் வில்லியம் அரசன் தன் நாட்டின் பெரும்பகுதியில் காணி எவ்வளவு, ஏர் எத்தனை, ஆலை எத்தனை என்று கணக்கெடுத்து ஒரு பெரிய இடாப்புத் தயாரித்தான். அதனை மக்கள் ‘டூம்ஸ்டே புத்தகம்’ என்றார்கள். டூம்ஸ்டே என்றால் இறுதித் தீர்ப்பு நாள். அந்த இடாப்பில் எழுதியதற்கு மேல்முறையீடு கிடையாது என்பதனால் வந்த பெயர். இடாப்பு எழுதியே பிழைத்த என்போன்றவர்களுக்கு இது வேடிக்கையான செய்தியல்ல. பிற்காலத்தில் ‘டூம்’ என்ற அந்தச் சொல் தீர்ப்பு என்ற பொருளை இழந்து, தப்ப முடியாத கேடு, தலைவிதி என்ற பொருளுக்குப் போய்விட்டது.

இதற்கும் வடமொழியில் ஓர் உறவு உண்டு. வைத்தல் என்று பொருள்படும் ‘தா’ என்ற வேர். அதனோடு ‘வி’ என்ற முன்னொட்டுச் சேர்ந்து பிறந்ததுதான் நாம் நாளாந்தம் வழங்கும் ‘விதி’. இங்கும் அதே கதைதான். விதி என்றால் முதலில் ஒழுங்கு, சட்டம். ‘தாபனக் கோவை விதி’, ‘நிதிப் பிரமாண விதி’ என்று கந்தோரில் நாம் சொல்லும் விதி. பிறகு அதுவே தலையில் எழுதப்பட்டதும் ஆயிற்று. ஆங்கிலேயர் வாயிலும் நம் வாயிலும் ஒருவன் போட்ட சட்டம் மற்றவனுக்குத் தலையெழுத்தாக மாறியிருக்கிறது.

ஆகவே ‘விஸ்டம்’ என்ற சொல்லைப் பிரித்தால் ‘காணுதல்’ ஒரு பக்கம், ‘தீர்ப்பு’ ஒரு பக்கம். கண்டு தீர்த்தல் என்று சொல்லலாம்.

இந்த இடத்துக்கு வந்தவுடன் எந்த மட்டக்களப்பானுக்கும் கண்ணகைத் தாயின் வழக்கு நினைவுக்கு வராமல் போகாது. வைகாசியில் கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, இரவிரவாகக் கண்ணகி வழக்குரை படிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வித்துவான் வி. சீ. கந்தையா அவர்கள் 1968இல் அதனைப் பதிப்பித்து வெளியிடும்வரை ஏட்டிலும் நாவிலுமாகவே அதனைக் காத்து வந்த ஊர்கள் நம் ஊர்கள். அந்தக் கதையின் நடுவில் இருப்பது ஒரு வழக்குத்தானே.

பாண்டியன் கொடியவன் அல்லன். களவெடுத்தவனுக்குத் தண்டனை என்ற விதி அவன் நாட்டில் இருந்தது. பொற்கொல்லன் வந்து சொன்னான், அரசன் விதியைச் செலுத்தினான். தீர்ப்பில் குறையில்லை, காண்பதில்தான் குறை. கோவலனை அழைத்து ஒரு சொல் கேட்கவில்லை. சிலம்பைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. எங்கள் பகுதியில் பெரியவர்கள் சொல்லும் கதையில் பாண்டியனுக்கு நெற்றியில் மூன்றாவது கண் ஒன்று இருந்து, அம்மன் மாங்கனியாக வந்து அதனைப் போக்கினாள் என்று வரும். சிறுவயதில் அதனை ஓர் அற்புதமாகக் கேட்டேன். இப்போது கேட்கும்போது, மிச்சமிருந்த இரண்டு கண்ணாலும் அவன் பார்க்கவில்லையே என்றுதான் தோன்றுகிறது. கடைசியில் அம்மன் சிலம்பை உடைக்க, அரசியின் சிலம்பில் இருக்க வேண்டிய முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்தது. அப்போதுதான் அவன் கண்டான். கண்ட அந்த இடத்திலேயே தனக்குத் தானே தீர்ப்பளித்து உயிர் விட்டான். அதுவரை விதி மட்டும் தெரிந்திருந்த அரசனுக்கு அந்த ஒரு கணத்தில் ‘விஸ்டம்’ வந்தது என்று சொன்னால் பிழையாகாது. ஆனால் கோவலன் வெட்டுண்டு கிடந்தான், மதுரை எரிந்தது. அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் ஆண்டுதோறும் நாம் குளிர்த்தி செய்கிறோம்.

கோயில் நிருவாகத்திலும் இது நடக்காமலில்லை. இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசி வரும். “வண்ணக்கர் ஐயா, இன்னார் உபயக் காசில கை வைச்சிட்டாராம்.” “நீங்க கண்ணால கண்டீங்களோ?” என்று கேட்பேன். “காணல்ல, கேள்விப்பட்டன்” என்பார்கள். கேள்விப்பட்டவர் பத்துப்பேர் சேர்ந்தால் பொதுக்கூட்டத்தில் அது தீர்ப்பாகிவிடும். மறுபக்கமும் உண்டு. கண்ணால் கண்டவர் வாயைத் திறக்க மாட்டார். ‘நமக்கேன் பொல்லாப்பு’ என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். காணாமல் தீர்ப்பவரும் கண்டும் தீர்க்காதவரும் எல்லாக் குடியிலும் இருக்கிறார்கள். நான் எல்லாருக்கும் மேலாக நின்று இதனைச் சொல்லவில்லை என்பதற்காக அடுத்ததை எழுதியாக வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம். சுனாமி வந்து நம் எழுவான்கரையை என்ன செய்தது என்பதை இந்த மலரை வாசிப்போருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அப்போது நான் கடமையாற்றிய அலுவலகத்தில், பாதிக்கப்பட்டோர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை என்போன்ற எழுதுவினைஞர்களுக்கும் பகிரப்பட்டது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு படிவம். அதன் அடியில் ‘நேரில் பார்வையிடப்பட்டது’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே கையொப்பம் இட ஓர் இடம்.

மார்ச் மாதம் அளவில் ஒரு பெண்மணியின் விண்ணப்பம் வந்தது. கணவர் இல்லாதவர், ஒரு மகளோடு இருந்தவர். 1990இல் இடம்பெயர்ந்து வந்து, கடற்கரையில் வேறொருவர் காணியில் ஓலைக்குடில் போட்டுக் கூலிவேலை செய்து பிழைத்திருக்கிறார். வாக்காளர் இடாப்பில் பெயர் பழைய ஊரில்தான் இருந்தது. அடையாள அட்டையைக் கடல் கொண்டுபோய்விட்டது. நான் இடாப்பைப் புரட்டினேன், பெயர் இல்லை. அந்த இடம் அலுவலகத்திலிருந்து மூன்று கட்டை தூரம். சைக்கிளில் அரை மணித்தியாலம். நான் போகவில்லை. அன்று மேசையில் இன்னும் நாற்பது படிவங்களுக்கு மேல் இருந்தன என்பது உண்மை. ஆனால் அது காரணம் ஆகாது. ‘இடாப்பில் பதிவில்லை, விதிகளின்படி தகுதியில்லை’ என்று எழுதி, ‘நேரில் பார்வையிடப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே கையொப்பமிட்டேன்.

அவர் இரண்டு நாள் கழித்து விசாரிக்க வந்தார். “விதிப்படி ஒண்டும் செய்ய ஏலாதம்மா” என்றேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. “ஓம் ஐயா, என்ட விதி” என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஒரு விதியைச் சொன்னேன், அவர் வேறொரு விதியைக் கேட்டார். நான் எழுதியதைத்தான் கடவுள் எழுதியது என்று அவர் எடுத்துக்கொண்டார். அன்று அது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த படிவத்தை எடுத்தேன்.

நான்கு மாதங்களுக்குப் பிறகு, வேறொரு அலுவலாக அந்தப் பக்கம் போக நேர்ந்தது. மணலில் பாதி புதைந்த ஒரு அம்மியும், மண்ணால் நிரம்பிய ஒரு கிணற்றுக் கட்டும், பக்கத்தில் தறப்பாள் கூடாரமும். அந்த அம்மி யாருடையது என்று கேட்டேன். பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். பதினான்கு வருடம் அவ்விடத்தில் அவர் இருந்ததற்கு அந்தக் கடற்கரை முழுவதுமே சாட்சியாக இருந்தது. மகள் திரும்பி வரவில்லை என்பதையும் அங்குதான் அறிந்தேன். விண்ணப்பத்தில் ‘ஒரு மகள்’ என்று எழுதியிருந்தாரே தவிர, அவள் எங்கே என்று நான் கேட்கவில்லை.

மறுநாளே அயலவர் நால்வரின் கையொப்பத்தோடு அறிக்கை எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒப்பமிட்டார். இரண்டாவது பட்டியலில் பெயர் வந்தது. பின்னர் வீடும் கிடைத்தது. இடையில் கடந்த மாதங்களுக்கு யாராலும் ஈடு கொடுக்க முடியாது. என் முந்திய கையொப்பத்தோடு உள்ள படிவம் எங்கோ ஒரு கோப்பில் இருந்து கறையான் அரித்திருக்கும்.

அந்த அம்மா இன்றும் இருக்கிறார். தமையன் மகனோடும் பேரப்பிள்ளைகளோடும் நம் அயற்கிராமத்தில்தான் இருக்கிறார். ஆண்டுதோறும் குளிர்த்திக்கு நடந்தே வந்து, வழக்குரை படித்து முடியும்வரை பந்தற்காலில் சாய்ந்து இருப்பார். என்னைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுவார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு, “இந்த ஐயாதான் என்ட பேரைப் பட்டியல்ல போட்டவர்” என்று சொல்லுவார். முதலில் வெட்டியவரும் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. இருபது வருடங்களாக நானும் சொல்லவில்லை. சொல்லப்போன நாட்களிலெல்லாம் அவர் கும்பிட்ட கை என் வாயை அடைத்துவிடும்.

பேத்தியிடம் அந்த வாரக் கடைசியில், விஸ்டம் என்றால் கண்டு தீர்த்தல் என்று விளக்கிச் சொன்னேன். “இப்படி எழுதினா ரீச்சர் பிழை போடுவா, அப்பப்பா” என்றாள். ஞானம் என்றே எழுதட்டும், புள்ளி வரவேண்டும் அல்லவா.

இந்த மலர் குளிர்த்தி நாளன்று வெளியிடப்படும். அந்த அம்மாவும் வழமைபோல வந்திருப்பார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பேரன் எட்டாம் வகுப்புப் படிக்கிறான், நன்றாக வாசிப்பான். அவர்கள் கையில் ஒரு பிரதியைக் கொடுக்க வேண்டும் என்று மலர்க்குழுவினரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.